ஆலோசகர் அறைக்கும் நம் வீட்டுக்கும் நடுவே

(பொன்விழா ஆண்டையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் இளம் வணிகர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)





பொன்விழா மேடையில் பெருமைக்குரிய செய்திகளைப் பேசுவதுதான் வழக்கம். ஐம்பது ஆண்டில் நம் சங்கம் எத்தனை பிள்ளைகளுக்குக் கல்வி நிதி கொடுத்தது, எத்தனை பட்டதாரிகளுக்குப் பொன்னாடை போர்த்தியது என்பதையெல்லாம் இன்று மற்றவர்கள் சொல்வார்கள். கேட்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் எங்களுக்கு ஒதுக்கிய இருபது நிமிடத்தில், பரிசு வாங்க இந்த மேடைக்கு வராத பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம் என்று குழுவில் முடிவு செய்தோம். படிப்பு வராததால் வராமல் போனவர்கள் ஒரு பக்கம். படிப்பு நன்றாக வந்தும், மனம் ஒத்துழைக்காமல் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகள் இன்னொரு பக்கம். இன்று பேசுவது அவர்களைப் பற்றி.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். எங்கள் குழுவில் பெரும்பாலோர் கடை வைத்திருப்பவர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் கடைக்கே வந்து உட்கார்ந்தவர்கள். ஆகவே நோய்களின் பெயர்களைப் பற்றியோ மருந்துகளைப் பற்றியோ ஒன்றும் சொல்ல மாட்டோம். அதற்குப் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பும் உதவி நம் வீட்டுக்கு வந்து சேராமல் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம். சரக்கு எங்கே தங்கிவிட்டது என்று தேடுவது எங்களுக்குப் பழகிய வேலை.

முதலில் இங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். நம்மில் பலருக்கு அது முழுதாகத் தெரியாது.

இன்று சிங்கப்பூரில் ஒவ்வொரு பள்ளியிலும் குறைந்தது ஒரு பள்ளி ஆலோசகர் இருக்கிறார். பிள்ளை தானாகவே அவரிடம் போகலாம். வகுப்பாசிரியரும் அனுப்பி வைக்கலாம். அங்கே பேசுவதை ஆலோசகர் வெளியே சொல்வதில்லை. பிள்ளைக்கோ மற்றவருக்கோ ஆபத்து வரும் என்று தெரிந்தால் மட்டும் சொல்லியாக வேண்டும். 2021இல் புதுப்பித்த நற்குணம், குடியியல் கல்விப் பாடத்திட்டத்தில் மனநலமும் சேர்ந்திருக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை வாடிப்போனால் அதைக் கவனித்துச் சொல்லச் சக மாணவர்களுக்கே பயிற்சி கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் பதின்மூன்று வயதில் தெரிந்துகொள்ளும் இந்த விஷயத்தை நமக்கு நாற்பது வயதிலும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

ஆலோசகரால் மட்டும் முடியாது என்று தெரிந்தால் பள்ளி கையைப் பிசைந்துகொண்டு நிற்பதில்லை. 2007இல் மனநலக் கழகம் ‘ரீச்’ என்ற பெயரில் ஒரு சேவையைத் தொடங்கியது. மனநல மருத்துவர், உளவியலாளர், மருத்துவ சமூகப் பணியாளர், தாதி, செயல்முறைச் சிகிச்சையாளர் என்று பலரும் சேர்ந்த குழு அது. ஒரு மாணவரைப் பற்றிக் கவலை வந்தால் பள்ளி ஆலோசகர் அந்தக் குழுவிடம் கலந்து பேசுவார். தேவையென்றால் குழுவிலிருந்து ஆள் பள்ளிக்கே வந்து பிள்ளையைப் பார்ப்பார். ஆசிரியரும் பெற்றோரும் என்ன செய்யலாம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். மருத்துவமனை வரை போக வேண்டியவர்களை மட்டும் அங்கே அனுப்புவார்கள். முதலில் வடக்கு வட்டாரத்தில் தொடங்கி, பிறகு எல்லா வட்டாரங்களுக்கும் அது விரிந்தது. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் பின்னர் அதில் கைகோத்தன.

பள்ளியும் மருத்துவத் துறையும் இப்படிச் சேர்ந்து இயங்கும் ஏற்பாட்டை அமைப்பது எளிதான காரியம் இல்லை. அதை நாடு செய்து வைத்திருக்கிறது. அந்த முழு ஏற்பாட்டிலும் நம் கைக்கு வருவது ஒரே ஒரு தாள். பெற்றோர் ஒப்புதல் தாள். அதில் கையெழுத்து விழவில்லை என்றால், ஐந்து துறை நிபுணர்கள் காத்திருந்தாலும் வண்டி நகராது.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறோம். யாரென்று தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறோம். ஆகவே, யாராக இருக்கும் என்று பக்கத்தில் இருப்பவரின் காதைக் கடிக்க வேண்டாம்.

உயர்நிலை மூன்றில் படிக்கும் பையன். அத்தா காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்தரைக்குத்தான் வீடு. அம்மா கல்யாணமாகி ஊரிலிருந்து வந்தவர். தமிழைத் தவிர வேறு மொழியில் சரளம் இல்லை. பையன் திங்கட்கிழமைகளில் வயிற்று வலி என்பான். மருந்தகத்துக்குப் போவார்கள், ஒரு நாள் விடுப்புச் சீட்டு கிடைக்கும், செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். மாதத்தில் மூன்று முறை இப்படி நடந்தது. கால்பந்துக்குப் போவதை நிறுத்தினான். ஸுபுஹுக்கு எழுப்பினால் முதல் குரலுக்கே எழுந்துவிடுவான், ஏனென்றால் அவன் தூங்கியே இருக்க மாட்டான். வீட்டில் அதைப் பார்த்து, பையனுக்குத் தொழுகையில் பிடிப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறார்கள்.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ‘கவுன்சலிங்’ என்ற சொல் அந்த அம்மாவின் காதில் ‘கம்ப்ளெயின்ட்’ என்று விழுந்தது. இரவு அத்தா வந்ததும் விசாரணை. யாரை அடித்தாய், என்ன எடுத்தாய், யாரோடு சேர்ந்தாய்? பையன் வாயே திறக்கவில்லை. மறுவாரம் ஒப்புதல் தாள் வந்தது. அதில் மனநலக் கழகத்தின் பெயரைப் பார்த்ததும் அத்தா தாளை மடித்துக் கடைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டார். ஏழு வாரம் அங்கேயே இருந்தது.

பள்ளி இரண்டு மூன்று முறை நினைவூட்டியது. பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்று பள்ளி நினைத்தது. நம் பிள்ளைமேல் முத்திரை குத்தப் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் நல்லவர்கள்தான். இரண்டு பக்கத்துக்கும் பையன்மேல் அக்கறை இருந்தது. நடுவில் ஆள் இல்லை.

கடைசியில் அடைப்பை எடுத்தது ஒரு தாதி. அந்த அம்மாவுக்குத் தூரத்து உறவு. ஒரு நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குப் போய், சமையலறையில் உட்கார்ந்து அந்தத் தாளை வரிவரியாகத் தமிழில் சொன்னார். வருகிறவர் என்னென்ன கேட்பார், கையெழுத்துப் போட்டால் பிள்ளையை எங்கும் கொண்டுபோய் அடைத்து வைக்க மாட்டார்கள், மருந்து என்று வந்தால் உங்களைக் கேட்காமல் தொடங்க மாட்டார்கள், முதல் நாள் நானும் கூட வருகிறேன். இவ்வளவுதான் அவர் பேசியது. புதிதாக எதையும் சொல்லவில்லை. பள்ளி ஆலோசகர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் சொன்னார். அன்றிரவே கையெழுத்து விழுந்தது.

பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்பீர்கள். படிக்கிறான். சில வாரம் நன்றாக இருக்கிறான், சில வாரம் இல்லை. அதற்கு மேல் சொல்வது எங்கள் வேலை இல்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மனநலக் கழகம் 2024இல் வெளியிட்ட தேசிய இளையர் மனநல ஆய்வில், 15 முதல் 35 வயது வரையிலானவர்களில் 30.6 விழுக்காட்டினர் கடுமையான அல்லது மிகக் கடுமையான மனச்சோர்வு, பதற்றம், மனஉளைச்சல் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏறக்குறைய மூவரில் ஒருவர். 10 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்விலும் மூவரில் ஒரு பிள்ளை சோகம், பதற்றம், தனிமை போன்ற அறிகுறிகளைச் சொன்னது. அந்த ஆய்வில் எங்களை உலுக்கியது இன்னொரு கணக்கு: மனநலப் பிரச்சினை இருந்த பிள்ளைகளின் பெற்றோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத்தான் அது தெரிந்திருந்தது. மற்ற ஒன்பது வீட்டிலும் அன்பு இல்லாமலா இருந்திருக்கும்?

சரி, தெரிந்த பிறகும் ஏன் தயங்குகிறோம்? எங்கள் கடைகளில் உட்கார்ந்து பேசும்போது காதில் விழும் காரணங்கள் நாலைந்துதான்.

ஒன்று, அந்த இடத்தின் பெயர். பெரியவர்களுக்கு இன்னும் அது உட்பிரிட்ஜ். 1951இல் வைத்த பெயர் அது. 1993இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி மனநலக் கழகம் ஆகி ஒரு தலைமுறை தாண்டிவிட்டது. குறும்பு செய்யும் பிள்ளையை “உட்பிரிட்ஜுக்கு அனுப்பிடுவேன்” என்று மிரட்டிய காலத்தில் வளர்ந்தவர்கள்தான் இன்று ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள். கை நடுங்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது, போலீஸ் பயம். தவறான முடிவை எடுக்கப் பார்த்த பிள்ளையைப் பற்றி வெளியே சொன்னால் வழக்கு வரும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். முன்பு சட்டம் அப்படித்தான் இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் தற்கொலை முயற்சி இந்த நாட்டில் குற்றமில்லை. இப்போது அங்கே கிடைப்பது உதவிதான். தயவுசெய்து இதை வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

வேலை கிடைக்காது என்ற பயமும் உண்டு. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநலப் பிரச்சினையைக் காரணம் காட்டி ஒருவருக்குப் பாகுபாடு காட்டுவதற்கு எதிராகவும் பேசுகிறது. தேசியச் சேவைக்கான மருத்துவச் சோதனையில் உள்ளதை உள்ளபடி சொல்வது பையனுக்குப் பாதுகாப்பு. மறைத்து அனுப்புவதில்தான் ஆபத்து.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம், வாய்விட்டு யாரும் சொல்லாத காரணம், சம்பந்தம். “நாளைக்கு யாரும் பெண் கேட்டு வர மாட்டார்கள்.” “தம்பிக்கு இப்படி என்றால் அக்காவுக்கு வந்த இடமும் போய்விடும்.” இந்தப் பயத்துக்குச் சட்டத்தில் மருந்து இல்லை. இந்தப் பயத்தை உண்டாக்குவது அரசாங்கமும் இல்லை, பள்ளியும் இல்லை. இந்த மண்டபம்தான். நம் சமூகம் சிறியது. பாதிப் பேர் பாதிப் பேருக்கு மாமன் மச்சான். வியாழக்கிழமை ஒரு வீட்டில் நடந்தது வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். நெருக்கமான சமூகம் என்று நாம் பெருமைப்படுகிறோமே, அந்த நெருக்கம்தான் இந்த ஒரு விஷயத்தில் பிள்ளைகளின் கழுத்தை நெருக்குகிறது.

ஆனால் ரகசியம் காக்க நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் பற்று நோட்டு என்று ஒன்று உண்டு. இப்போது எல்லாம் கைப்பேசியில் காட்டிப் பணம் கட்டிவிட்டுப் போகிறார்கள், ஆனாலும் பழைய வாடிக்கையாளர்களுக்கு அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. யார் எத்தனை வெள்ளி பாக்கி என்பது கடைக்காரருக்கும் அந்த ஆளுக்கும் மட்டும்தான் தெரியும். பாக்கி வைத்தவரின் சொந்த மச்சான் வந்து விசாரித்தாலும் கடைக்காரர் “எல்லாம் சரியாக இருக்கு” என்று சொல்லி டீயை நீட்டுவார். நோட்டைப் பிரித்துக் காட்டினால் அன்றோடு கடையின் பெயர் போய்விடும் என்று எங்கள் அத்தாமார்கள் சொல்லித்தான் கல்லாவில் உட்கார வைத்தார்கள். இந்த வாய்க்கட்டுப்பாடு நம் ரத்தத்தில் இருக்கிறது. பிறர் பண விஷயத்தில் நாம் காட்டும் மரியாதையைப் பிறர் பிள்ளையின் மன விஷயத்திலும் காட்ட வேண்டும் என்று கேட்பது அதிகமா?

அடுத்து மொழி. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எங்களைப் பொறுத்தவரை இதுதான் மிகவும் வலிக்கும் இடம். பிள்ளை ஆலோசகரிடம் ஆங்கிலத்தில் பேசுகிறது. அம்மாவுக்குத் தமிழ். சந்திப்பு என்று வரும்போது யார் மொழிபெயர்ப்பது? பல நேரம் அந்தப் பிள்ளையேதான். தன்னால் தூங்க முடியவில்லை, தனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று ஆலோசகர் சொல்வதை, பதினான்கு வயதுப் பிள்ளை தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளை முழுதாகச் சொல்லும்? “ஒன்னுமில்லமா, நல்லா படிக்கச் சொல்றாங்க” என்று முடித்துவிடும். அம்மாவும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவார்.

மொழியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அகராதியில் மனச்சோர்வு, மனஅழுத்தம் என்றெல்லாம் இருக்கலாம். நம் வீடுகளில் அந்தச் சொற்கள் புழங்குவதில்லை. “ஒரு மாதிரியா இருக்கு”, “நெஞ்சை அடைக்குது”, “மனசு சரியில்ல”, “எதுலயும் ஒட்டல” என்றுதான் சொல்வோம். இதில் எது சாதாரண அலுப்பு, எது கவனிக்க வேண்டியது என்று பிரித்துச் சொல்ல, நம் பேச்சும் தெரிந்து அந்தத் துறையும் தெரிந்த ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள் என்பதுதான் இந்த ஐம்பது ஆண்டில் நடந்த மாற்றம். சங்கம் தொடங்கிய காலத்து உறுப்பினர் பட்டியலைப் பாருங்கள்: மளிகை, ஜவுளி, நாணய மாற்று, உணவுக்கடை. இன்றைய பட்டியலில் தாதிகள் இருக்கிறார்கள், மருந்தாளர் இருக்கிறார், ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். சங்கம் கொடுத்த கல்வி நிதியில் படித்தவர்களும் அவர்களில் உண்டு. பரிசளிப்பு விழாவில் பிள்ளைகளுக்குக் கோப்பை எடுத்துக் கொடுக்க மட்டும்தான் அவர்களை இதுவரை கூப்பிட்டிருக்கிறோம்.

ஹஜ்ரத் அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் அனுமதியோடு ஒரு வார்த்தை. பிள்ளைக்கு இரவில் தூக்கம் இல்லை, தனியாகப் பேசுகிறது, சாப்பிடவில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் ஓதிப் பார்ப்பார்கள். கண்ணேறு என்பார்கள், வேறு ஏதோ பிடித்திருக்கிறது என்பார்கள். ஓதுவதை விடச் சொல்லி நாங்கள் ஒருபோதும் கேட்கவில்லை. அது நம் மனத்துக்கு ஆறுதல், நம் ஈமானின் பகுதி. ஓதிவிட்டு, “நாளைக் காலையில் பள்ளி ஆலோசகரையும் போய்ப் பாருங்கள்” என்று ஹஜ்ரத்மார்கள் ஒரு வரி சேர்த்துச் சொன்னால், எங்களைப் போன்றவர்கள் நூறு கூட்டம் போட்டும் நடக்காதது நடக்கும். நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லித் தந்ததுதானே. மனத்தின் நோயை உடலின் நோய்க்குச் சமமாக வைத்துப் பேசுவது மேலைநாட்டு வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: கி.பி. 934இல் இறந்த அபூ ஸைத் அல்-பல்கீ உடலுக்கும் உள்ளத்துக்குமான நலம் பற்றி ஒரே நூலில் எழுதினார். ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்பது அதன் பெயர். அச்சம், துக்கம், கோபம், ஓயாத எண்ணங்கள் என்று உள்ளத்தின் பிரச்சினைகளைத் தனித்தனியாக எடுத்து அதில் ஆராய்ந்திருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன் நம்மவர் ஒருவர் வெட்கமில்லாமல் எழுதியதை இன்று நாம் காதோடு காதாகப் பேசுகிறோம்.

தேர்வைப் பற்றிச் சொல்லாமல் போனால் தம்பி தங்கைகள் எங்களை விட மாட்டார்கள். கல்வி அமைச்சு தன் பங்குக்கு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. 2019இலிருந்து தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் இல்லை. 2023க்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப் பள்ளி எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வு போய்விட்டது. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் கணக்கே மாறியது; நான்கு பாடத்துக்கும் சேர்த்து 4 புள்ளி என்றால் மிகச் சிறப்பு, 32 என்றால் கடைசி. பேத்தி 8 புள்ளி எடுத்தாள் என்றதும் “அல்லாஹ்வே, எட்டுதானா?” என்று கன்னத்தில் கை வைத்த நன்னிமார்கள் உண்டு. அது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. ஆனால் பள்ளி ஒப்பிடுவதைக் குறைத்த பிறகும் நம் கல்யாண வீடுகள் குறைக்கவில்லையே! பிரியாணி வருவதற்குள் எத்தனை பிள்ளைகளின் புள்ளி மேசையைச் சுற்றி வருகிறது? தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போன பிள்ளையின் அம்மா அந்த மேசையிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதைப் பார்த்ததில்லையா? பலதுறைத் தொழிற்கல்லூரிக்காரர்கள் நாங்கள். தொடக்கக் கல்லூரிக்குப் போகாததைப் பற்றி இன்னும் சில பெரியம்மாக்கள் எங்களிடம் துக்கம் விசாரிக்கிறார்கள்.

இனி, சங்கம் என்ன செய்யலாம் என்பது. இதில்தான் எங்களுக்கும் செயற்குழுவின் சில பெரியவர்களுக்கும் கருத்து வேறுபாடு. மேடையில் சொல்லலாமா என்று தலைவரிடம் கேட்டோம், சொல்லுங்கள் என்றார்.

பெரியவர்களின் எண்ணம், சங்கக் கட்டடத்தின் மாடியில் நம் சமூகத்துக்கென்று ஓர் ஆலோசனை அறை திறக்க வேண்டும் என்பது. அதற்கு அவர்கள் காட்டும் முன்னுதாரணம் கனமானது. 1946இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. அரசாங்கம் செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1982 வரை அந்தப் பள்ளி நடந்தது. அதன் பெயரை இன்றும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் தாங்கி நிற்கிறது. “பள்ளிக்கூடமே கட்டிய சமூகம், ஓர் அறை கட்ட முடியாதா?” என்று கேட்கிறார்கள்.

கட்ட முடியும். யார் படியேறி வருவார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி. சனிக்கிழமை கீழ்த்தளத்தில் துணைப்பாட வகுப்பு நடக்கும். இருபது பெற்றோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தாண்டி ஒரு பெண்பிள்ளை மாடி ஏறுமா? 2009இல் மனநலக் கழகம் 16 முதல் 30 வயதினருக்காக ‘சாட்’ என்ற சேவையைத் தொடங்கியது; அதன் நிலையத்தை மருத்துவமனை வளாகத்தில் வைக்காமல் ஆர்ச்சர்டில் இளையர் கூடும் ஸ்கேப் கட்டடத்தில் வைத்தார்கள். கூட்டத்தோடு கூட்டமாகப் போகலாம், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நம் மாடியில் திரும்பிப் பார்க்காதவர் யார்?

இன்னொன்று, அன்று தமிழ்ப் பள்ளி இல்லாத இடத்தில் அவர்கள் பள்ளி கட்டினார்கள். இன்று ஆலோசகர் இருக்கிறார், மருத்துவக் குழு இருக்கிறது. நம் மார்க்கம் தெரிந்த இடம் வேண்டும் என்பவர்களுக்கு 2012இல் தொடங்கிய கிளப் ஹீல் போன்ற முஸ்லிம் அமைப்புகளும் உண்டு. நம்மில் பலருடைய சம்பளச் சீட்டில் சிண்டாவுக்கும் கழிகிறது, பள்ளிவாசல் கட்டட, மெண்டாக்கி நிதிக்கும் கழிகிறது. இரண்டு வாசலும் நமக்குத் திறந்திருக்கின்றன. இல்லாதது வாசல் வரை கூட வரும் ஆள்தான்.

அதனால் நாங்கள் கேட்பது அறை அல்ல, ஒரு பட்டியல். தாதி, சமூகப் பணியாளர், ஆசிரியர் என்று நம்மில் எட்டுப் பத்துப் பேர். அவர்கள் சிகிச்சை கொடுக்க மாட்டார்கள், நோய்க்குப் பெயர் வைக்க மாட்டார்கள். பள்ளியிலிருந்து வந்த தாளைத் தமிழில் சொல்வார்கள். பெற்றோர் கேட்டால் முதல் சந்திப்புக்குக் கூடப் போவார்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காமல் பார்த்துக்கொள்வார்கள். ஆண்பிள்ளையின் அத்தாவோடு பேச ஓர் ஆண், தாய்மாரோடு பேச ஒரு பெண் என்று இரு பக்கமும் இருப்பார்கள். அத்தாமார்களுக்குக் கடையை விட்டு வர முடியாது என்றால், இரவு பத்தரை மணிக்கு மேல் கடைக்கே வந்து ஷட்டரை இறக்கிவிட்டுப் பேசவும் இரண்டு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு, அதில்தான் விவாதம் நீண்டது. குடும்பத்தின் பெயர் செயற்குழுவுக்கு வரக்கூடாது. கூட்டக் குறிப்பில் வரக்கூடாது. ஆண்டறிக்கையில் எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கை மட்டும் வரும். பெயர் தெரியாமல் சங்கப் பணத்துக்கு எப்படிக் கணக்கு எழுதுவது என்று நம் முன்னாள் பொருளாளர் ஹாஜி அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி, அவர்கள் காலத்தில் ஒரு காசு கணக்கில் விடுபட்டதில்லை. டாக்சிக் கட்டணம் முதலிய சில்லறைச் செலவை எங்கள் இளம் வணிகர் குழு ஏற்றுக்கொள்கிறது. சங்கத்தின் கணக்கில் அது ஏறவே ஏறாது. ஹாஜி அவர்கள் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஓராண்டு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஓராண்டு எங்களுக்குப் போதும்.

பள்ளிகள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. நம் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளிகளின் ஆலோசகர்களை ஒரு மாலைத் தேநீருக்கு அழைக்க இருக்கிறோம். எந்தப் பிள்ளையைப் பற்றியும் அங்கே பேச்சு இருக்காது. நோன்பு மாதத்தில் பிள்ளை மதியம் சோர்ந்திருந்தால் அது வேறு, எப்போதும் சோர்ந்திருந்தால் அது வேறு. அம்மா தொலைபேசி எடுக்கவில்லை என்றால் அக்கறை இல்லை என்று பொருள் இல்லை, ஆங்கிலத்துக்குப் பயந்து எடுக்காமல் இருக்கலாம். அத்தாவை மாலை மூன்று மணிக்கு வரச் சொன்னால் வர முடியாது, காலை எட்டு மணி என்றால் கடை திறக்கும் முன் வந்துவிடுவார். இந்த மாதிரிச் சின்ன விஷயங்களை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு நம்மிடம் சொல்ல வேண்டியது இதைவிட நிறைய இருக்கும்; உட்கார்ந்து கேட்போம்.

நேரம் முடிந்துவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. வாசலில் மேசையும் பெயர் எழுதும் தாளும் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றோம், யார் எழுதுகிறார்கள் என்று எல்லாரும் பார்ப்போமே. தேவைப்படுகிறவர்கள் சங்க அலுவலகத்தை அழைத்து “துணைக்கு ஆள் வேண்டும்” என்று மட்டும் சொல்லுங்கள். எதற்கு என்று அங்கே கேட்க மாட்டார்கள். ஒரு தொலைபேசி எண்ணைத் தருவார்கள். நள்ளிரவில், பொறுக்க முடியாத நேரத்தில், நம் பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டாம்: 1767 என்ற எண்ணில் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. தம்பி தங்கைகளே, இப்போது கையில் வைத்திருக்கும் கைப்பேசியில் அந்த எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம், பக்கத்து நாற்காலிக்குத் தேவைப்படலாம்.

ஆலோசகர்களோடு தேநீர், பள்ளி திறந்த இரண்டாவது வாரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. வடை எங்கள் கடையிலிருந்து.